மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வேர் விட்ட செருப்புப் பூ

போன வியாழக்கிழமை காலையில் மொட்டு வாய் திறந்தது, ஞாயிற்றுக்கிழமைக்குள் முழுதாக விரிந்துவிட்டது. பூத்தண்டு 24 சென்டிமீட்டர், பூவின் குறுக்களவு ஒன்பதரை. மேலே நிற்கும் இதழ் பச்சையும் ஓரத்தில் வெள்ளையுமாக, அதில் தவிட்டு நிறப் புள்ளிகள். கீழே அந்தப் பை, மெழுகு பூசின மாதிரி மினுமினுப்பு. 2021 அக்டோபரில் இந்தச் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன், இப்போது டிசம்பர் 2024. மூன்று வருடம் இரண்டு மாதம். நடுவில் என்ன செய்தேன், எதைத் தப்பாகச் செய்தேன் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்ததால் வரிசையாகச் சொல்ல முடிகிறது.

செடி பாஃபியோபெடிலம் இன்சைன், செருப்பு ஆர்க்கிட் வகை. மேகாலயா பக்கத்து மலைகளில் இயற்கையாக வளர்வது. எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை, அத்தைக்கு அது செருப்புப் பூ, அவ்வளவுதான். மாமா 1987-இல் ஒரு எஸ்டேட் பங்களாவில் வேலை பார்த்தபோது அங்கிருந்த தோட்டக்காரர் இரண்டு கன்று பிரித்துக் கொடுத்ததாம். அன்றிலிருந்து ஊட்டி லவ்டேலில் எங்கள் வீட்டுக் கண்ணாடி வராண்டாவின் கிழக்கு மூலையில் ஒரே மண் தொட்டி. இலை மக்கு, உடைத்த செங்கல், அடுப்புக்கரி, இவ்வளவுதான் அதற்குள் இருந்தது. ஒவ்வொரு மார்கழிக்கும் நாலைந்து பூ வரும். ஒரு பூ ஆறு வாரத்துக்கு மேல் நிற்கும். பொங்கலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அத்தை அதற்கென்று எதுவும் தனியாகச் செய்து நான் பார்த்ததில்லை, விரலை விட்டுப் பார்ப்பார், தண்ணீர் ஊற்றுவார்.

2021 ஆகஸ்டில் தொட்டியில் விரிசல் விழுந்தது. அப்போது செடியில் 11 கன்று. அத்தைக்குக் கண்புரை அறுவை முடிந்து குனியக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள், நான் மாற்றிவிடுகிறேன் என்று நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். நான்கைந்து வீடியோ பார்த்தேன், எல்லாரும் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) என்றார்கள். 5 கிலோ கட்டி ஒன்று 220 ரூபாய். தண்ணீரில் ஊற வைத்தேன், பிழிந்தேன், பழைய கலவையைச் சுத்தமாக உதறிவிட்டு நட்டேன். அந்த வீடியோக்கள் எல்லாம் வெயிலூர்க்காரர்களுடையவை என்பது அப்போது உறைக்கவில்லை. ஊட்டியில் ஆகஸ்ட் என்றால் துணியே நான்கு நாளுக்குக் காயாது. கோகோபீட் ஒருமுறை நனைந்தது நனைந்ததுதான், அடுத்த ஏழு வாரம் அது ஈரமாகவே இருந்தது. மேல்பகுதி மட்டும் வெளுத்துக் காய்ந்த மாதிரி தெரியும், அதைப் பார்த்து நான் மேலும் ஊற்றினேன்.

செப்டம்பர் கடைசியில் அடி இலைகள் மஞ்சளாயின. அக்டோபர் இரண்டாம் வாரம் ஒரு கன்றைத் தொட்டேன், பல் ஆடுகிற மாதிரி ஆடியது.

தண்ணீர் மட்டும் காரணமில்லை என்பது ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. 450 ரூபாய்க்கு, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கின பிறகு, மிச்சமிருந்த அதே கோகோபீட்டை ஒரு பங்குக்கு ஐந்து பங்கு மழைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்து அளந்தேன். 1,180 காட்டியது. அந்த மழைத் தண்ணீர் மட்டும் 14, எங்கள் குழாய்த் தண்ணீர் 96. தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியம், சோடியம் உப்பு இருக்கும், உப்பங்கழியில் ஊறப்போட்ட மட்டை என்றால் இன்னும் கூடுதல். தண்ணீர் மாற்றி மாற்றி ஐந்தாறு தடவை அலசியிருந்தால் பாதி குறைந்திருக்கும். நான் ஒருமுறை ஊற வைத்துப் பிழிந்ததோடு சரி.

இதற்கு அடுத்து செய்ததுதான் பெரிய தப்பு.

செடியை வெளியே எடுத்தால் வேர் எல்லாம் பழுப்பு. பாதிக்கு மேல் கொழகொழவென்று உரிந்து வந்தது. அது அழுகல்தான், சந்தேகமில்லை. மீதி விறைப்பாக, சுற்றிலும் மெல்லிய பூனை முடி மாதிரி ரோமத்தோடு, அதுவும் பழுப்பாகவே இருந்தது. கடையில் விற்கும் ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட்டில் நல்ல வேர் வெள்ளையும் பச்சையுமாக இருக்கும், பழுப்பு என்றால் செத்தது. அந்தக் கணக்கை இதற்கும் போட்டு, கத்தரிக்கோலை நெருப்பில் காட்டி வெட்ட ஆரம்பித்தேன். ஏழோ எட்டோ வெட்டின பிறகு ஒரு துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வெட்டின முகம் வெள்ளைவெளேரென்று, இளந்தேங்காய்ப் பருப்பு மாதிரி ஈரம் மின்னியது. அடுத்த துண்டும் அப்படியே. செருப்பு ஆர்க்கிட்டுக்கு உயிருள்ள வேரே பழுப்புதான், ரோமமும் அதற்கு உரியது. நான் அழுகலை மட்டும் வெட்டவில்லை, பிழைத்துக் கிடந்ததையும் சேர்த்து வெட்டிவிட்டேன்.

இப்போது நான் செய்யும் சோதனை இது. வேரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல அழுத்த வேண்டும். உயிருள்ளது முருங்கைக்கீரை ஈர்க்கு மாதிரி எதிர்க்கும். செத்தது நசுங்கும், மேல்தோல் உறை மாதிரி கழன்று உள்ளே ஒரு நூல் மட்டும் மிஞ்சும். நிறத்தைப் பார்க்கவே கூடாது. சந்தேகமாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம், செத்த வேர் தானாக மக்கிப் போகும்.

வெட்டினதோடு நிற்கவில்லை. மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினேன், நுரைத்தது, நல்லது நடக்கிறது என்று நினைத்தேன். வெட்டுக்காயத்துக்குச் சமையல் பட்டைத்தூள் (லவங்கப்பட்டை) போடச் சொல்லியிருந்தார்கள், நான் வேர் முழுக்கத் தூவினேன். பட்டைத்தூள் ஈரத்தை உறிஞ்சிவிடும், இலையில் காயம் பட்டால் போடலாம், வேருக்குப் போட்டால் மிச்சமிருக்கும் நுனியும் காய்ந்துபோகும். பிறகு, கன்றுகள் தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்ததால் அப்படியே 11 ஆகப் பிரித்துவிட்டேன். சிம்பிடியத்துக்கும் டெண்ட்ரோபியத்துக்கும் தண்டில் கிழங்கு மாதிரி ஒரு சேமிப்பு உண்டு, வேர் போனாலும் அதை வைத்துச் சில மாதம் ஓட்டும். செருப்பு ஆர்க்கிட்டுக்கு அது கிடையாது. இலையும் வேரும்தான் மொத்த உடம்பு. வேரில்லாத ஒற்றைக் கன்று என்பது ஜாடியில் வைத்த கீரைக்கட்டு மாதிரி, நாளை எண்ணிக்கொண்டிருக்கும். மூன்று கன்றாவது ஒட்டியபடி விட்டிருந்தால் ஒன்றை ஒன்று தாங்கியிருக்கும்.

நவம்பரில் நான்கு போயின. டிசம்பரில் நான்கு.

புதுச்செடி வாங்கிவிடலாமே என்று வீட்டுக்காரர் சொன்னார். கிழக்கே கலிம்போங், சிக்கிம் நர்சரிகளிலிருந்து கூரியரில் வருகிறது, நான் செலவழித்ததைவிடக் குறைவாகவே கிடைக்கும். ஆனால் அது வேறு செடி. ஃபெலனாப்சிஸை ஆய்வகத்தில் திசு வளர்ப்பு செய்து ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி எடுத்துவிடுகிறார்கள், இந்த இனத்தில் அது சுலபமாக நடப்பதில்லை. விதையிலிருந்து வருவது ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், அதே செடி வேண்டுமென்றால் கன்று பிரிப்பதுதான் வழி. மாமா கொண்டுவந்த செடி இந்த மூன்று கன்றில் மட்டும்தான் இருந்தது. அதனால் விட மனசு வரவில்லை. (பக்கத்து வீட்டு ஆசிரியர் ஒருவர் இது நம் பக்கத்துக் காட்டுச் செடியா என்று கேட்டார். இல்லை. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் செருப்பு ஆர்க்கிட் ஒன்றே ஒன்றுதான், அகத்தியமலைப் பக்கத்து ட்ரூரியை, மஞ்சள் பூ. ஆசைக்குத் தோண்டித் தோண்டியே அதை அருக வைத்துவிட்டார்கள். காட்டிலிருந்து எடுத்ததாக யாராவது எந்தச் செருப்பு ஆர்க்கிட்டைக் கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள், சட்டமும் அனுமதிக்காது, கீழே கொண்டுவந்தால் அது பிழைப்பதும் அபூர்வம்.)

இனி பிழைக்க வைத்த கதை.

மூன்று கன்றையும் ஸ்பேக்னம் பாசியில் வைத்தேன். உலர்ந்த பாசி 150 கிராம், 380 ரூபாய். சோலைக்குள் மரத்தில் படர்ந்திருக்கும் பாசியைச் சும்மா எடுத்துவரலாமே என்று தோன்றும், வேண்டாம். அது அங்கே இருக்க வேண்டியது, தவிர அதோடு நத்தை முட்டையும் சேர்ந்து வரும். வாங்கின பாசியை மழைத் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவிட்டு, கை வலிக்கும்வரை பிழிந்து, இன்னும் ஒருமுறை பிழிந்து, மூடியுள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பினேன். கன்றைப் புதைக்கக் கூடாது. அடித்தண்டு பாசியைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் தீக்குச்சி ஊன்றினேன். டப்பாவை வராண்டாவில் செடியின் பழைய மூலையிலேயே வைத்தேன்.

ஐந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பாசிமேல் பச்சை படிந்தது, இலை மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது. 340 ரூபாய்க்கு வாங்கின வெப்பமானி ஈரப்பதம் 92 என்று காட்டியது, அதைப் பார்த்து நான் திருப்தியாக இருந்தேன். அதற்குப் பக்கத்திலேயே இருந்த இன்னொரு எண்ணைக் கவனிக்கவில்லை. இரவு 6 டிகிரி.

ஜனவரி முதல் வாரம் வெளியே நீர்ப்பனி, அந்தப் பக்கம் காந்தல், தலைக்குந்தாவில் உறைபனி விழ ஆரம்பித்துவிட்டது. ஒரு நாள் ராத்திரி இட்லி மாவு கரைத்து வைக்கும்போது அத்தை சொன்னார், "அந்த டப்பாவையும் மாவு பொங்குற எடத்துல வையி கண்ணு. பனியில வெச்சா மாவே பொங்கறதில்ல, வேரு எப்படி வரும்?"

இங்கே இருக்கிறவர்களுக்கு இது புரியும். ஊட்டியில் குளிர்காலத்தில் மாவைச் சமையல் மேடைமேல் வைத்தால் மறுநாள் காலையில் வைத்தபடியே இருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் மாவுக்கென்று ஓர் இடம் உண்டு, எங்கள் வீட்டில் அது பழைய ஃபிரிட்ஜின் மேல்பக்கம், பின்சுவரை ஒட்டி. பின்னால் இருக்கும் கம்பிச் சுருளின் சூடு அங்கேதான் ஏறி வரும். வெப்பமானியை அங்கே ஓர் இரவு வைத்துப் பார்த்தேன். சமையலறை 11 டிகிரி, அந்த இடம் மட்டும் 18. ஜனவரி 9, 2022 அன்று டப்பாவை மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ஜன்னல் தூரம் என்பதால் மேலே ஒரு 12 வாட் எல்இடி, 290 ரூபாய், டப்பா மூடிக்கு ஒரு முழம் மேலே, காலை 6-இலிருந்து மாலை 6 வரை. இரண்டு நாளுக்கு ஒருமுறை பத்து நிமிடம் மூடியைத் திறந்து காற்றாட விட்டேன், உள்பக்கம் கோத்த தண்ணீரைத் துடைத்தேன். வேறு எதுவும் செய்யவில்லை. வேர் வளர்க்கும் மருந்து, வைட்டமின், தேன் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள், ஏற்கெனவே ஒவ்வொன்றாக ஊற்றித்தான் எட்டுக் கன்றைக் கொன்றிருந்தேன்.

மார்ச் 24, எழுபத்து நான்காம் நாள். காலையில் மூடியைத் துடைக்கும்போது இரண்டாவது கன்றின் அடியில், இலை தண்டைத் தழுவும் இடத்தில், ஒரு வெளிறின முளை. முதலில் பாசி நூல் என்று நினைத்தேன். பையன் வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தேன். நான்கு மில்லிமீட்டர் நீளம், நுனி பால் நிறத்தில் வழவழப்பாக, நுனியை விட்டு ஒரு மில்லிமீட்டர் பின்னால் தள்ளி ரோமம் தொடங்கியிருந்தது, ஒவ்வொரு ரோமத்திலும் ஊசிமுனை அளவு தண்ணீர்த் துளி. அடுத்த பத்து நாளில் முதல் கன்றிலும் ஒன்று வந்தது. மூன்றாவது கடைசிவரை விடவில்லை, ஏப்ரலில் அதன் குருத்து கையோடு வந்துவிட்டது.

சந்தோஷம் கொஞ்ச நாள்தான். ஏப்ரல் நடுவில் ஒரு காலை பார்த்தால் முதல் கன்றின் வேர் நுனியைக் காணோம், வெட்டி எடுத்த மாதிரி மொட்டையாக நிற்கிறது. டப்பா மூடியின் ஓரத்தில் வெள்ளிக்கோடு. காற்றாட விட்டபோது ஓடில்லாத நத்தை ஒன்று எப்படியோ ஏறி வந்திருக்கிறது. அது நெல்மணியின் பாதி அளவுகூட இல்லை. அன்று ராத்திரி ஓர் உருளைக்கிழங்கை வட்டமாக வெட்டிப் பாசிமேல் கவிழ்த்து வைத்தேன். பதினோரு மணிக்கு டார்ச்சோடு போய்த் திருப்பினால் அடியில் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. தொடர்ந்து ஆறு இரவு வைத்தேன், மொத்தம் ஐந்து பிடித்தேன், பிறகு வரவில்லை. மருந்து வாங்கவே இல்லை. இப்போதும் மழை மாதங்களில் வாரத்துக்கு ஒரு இரவு ஒரு துண்டு உருளைக்கிழங்கு தொட்டியில் இருக்கும். நுனி போன வேர் நீளவில்லை, ஆனால் பக்கத்திலிருந்து இன்னொன்று புறப்பட்டது.

வேர் மூன்று சென்டிமீட்டர் ஆனதும், மே கடைசியில், மழை பிடிப்பதற்கு முன் தொட்டிக்கு மாற்றினேன். கலவைக்கு இந்தமுறை நிதானமாக உட்கார்ந்தேன். பைன் பட்டைச் சில்லு 2 கிலோ 750 ரூபாய், பெர்லைட் (பொரிந்த எரிமலைக் கல்) 180. அடுப்புக்கரி வீட்டில் சீகை (வாட்டில் மரம்) விறகு எரித்து அணைத்தது, கற்பூர மரக் (யூகலிப்டஸ்) கரி சீக்கிரம் தூளாகிவிடுவதால் அதைச் சேர்க்கவில்லை. எல்லாவற்றையும் அரிசிச் சல்லடையில் சலித்தேன். தூளை மட்டும் ரோஜாவுக்குப் போட்டுவிட்டு, கொண்டைக்கடலைக்கும் சுண்டைக்காய்க்கும் நடுவான அளவை மட்டும் எடுத்தேன். இந்தத் தூள்தான் இடுக்கில் இறங்கி காற்றை அடைத்துவிடும், கோகோபீட்டில் நடந்ததும் அதுதான். பட்டையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, ஒரு நாள் முழுக்க ஊற வைக்க வேண்டும். காய்ந்த பட்டை தண்ணீரைத் தள்ளிவிடும், மிதந்துகொண்டே இருக்கும், பாதியாவது அடியில் அமர்ந்த பிறகுதான் அது நட ஆகும்.

அளவு: பட்டை 5 டம்ளர், கரி 2, பெர்லைட் 1, நறுக்கின பாசி 1. கோழித்தீவனக் கடையில் கிலோ கணக்கில் விற்கும் உடைத்த கிளிஞ்சல் ஒரு மேசைக்கரண்டி. இந்த இனத்துக்குச் சுண்ணச் சத்து பிடிக்கும். சுடாத கிளிஞ்சலைச் சொல்கிறேன், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைப் போட்டுவிட வேண்டாம், வேர் வெந்துவிடும்.

தொட்டி விஷயத்தில் அத்தைக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. அவருக்கு மண் தொட்டிதான் தொட்டி. மண் தொட்டி சுவர் வழியாக ஈரம் ஆவியாகும்போது வேரும் குளிர்ந்துபோகிறது, ஊட்டிக் குளிரில் இப்போதுதான் வேர் விட்ட குழந்தைச் செடிக்கு அது வேண்டாம் என்று நான் நினைத்தேன். கடைசியில் 10 சென்டிமீட்டர் அகலமுள்ள, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டி இரண்டு. பக்கச் சுவரில் ஸ்க்ரூடிரைவரைச் சுட வைத்து எட்டு எட்டு துளை போட்டேன். வேர் ஓடுவது வெளியிலிருந்தே தெரிகிறது, அதற்காகவே இனி இதை விடமாட்டேன்.

தண்ணீர் எப்போது ஊற்றுவது என்பதற்கு விரலை நம்புவதை விட்டுவிட்டேன். அத்தையின் விரலுக்கு 34 வருடப் பழக்கம், என் விரலுக்கு இல்லை. சமையலறைத் தராசில் வைக்கிறேன். தண்ணீர் ஊற்றி நன்றாக வடிந்த பிறகு தொட்டி 318 கிராம். 255-க்கு இறங்கினால் அடுத்த தண்ணீர். நோட்டைப் பார்த்தால் மார்ச்சில் இது ஐந்து நாளில் இறங்கியிருக்கிறது, ஜூலையில் 13 நாள் ஆகியிருக்கிறது. ஒரே செடி, ஒரே தொட்டி. வாரம் இரண்டு முறை என்று எழுதி வைத்து ஊற்றுகிறவர்களுடைய செடி இங்கே ஏன் சாகிறது என்பதற்கு இந்த இரண்டு எண்ணே போதும். செடி வளர வளர எடை கூடும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவைப் புதிதாகப் பார்த்துக்கொள்கிறேன்.

உரம், இங்கே காய்கறி விவசாயிகள் வாங்கும் அதே ஆல் 19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் 19 சதவீதம்) தான். நான்கு லிட்டர் மழைத் தண்ணீருக்கு ஒரு கிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மாதத்தில் ஒருநாள் வெறும் தண்ணீரால் நன்றாக அலசல். குளிர்காலத்தில் உரம் இல்லை.

2022 முழுக்க இலை ஒன்று, வேர் இரண்டு மூன்று என்று நகர்ந்தது. 2023 சித்திரையில் இரண்டு தொட்டியிலும் பக்கக் கன்று எட்டிப் பார்த்தது. அந்த வருடம் நவம்பரில் ஒரு தாய்க்கன்றின் நடுவில் உறை வந்து, அதற்குள்ளிருந்து ரோமத்தோடு ஒரு மொட்டுத் தலை. நான் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். பத்து நாள் கழித்து அது காபி நிறமாகி, தொட்டதும் விழுந்தது, கெட்ட வாடை. காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. அந்த வாரம் வடகிழக்கு மழை, பகலில் முடியாமல் மாலை ஆறு மணிக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தேன், இலைகள் சேரும் குழியில் தண்ணீர் தேங்கி ராத்திரி முழுக்கக் குளிரில் நின்றிருக்கிறது. இந்தச் செடியில் ஒரு கன்று தன் ஆயுளில் ஒருமுறைதான் பூக்கும். அந்தக் கன்றின் முறை அதோடு போயிற்று, புதுக் கன்று முதிரும்வரை இன்னும் ஒரு வருடம். இப்போது காலை பத்துக்கு முன்தான் தண்ணீர், ஊற்றின பிறகு பேப்பர் துண்டின் முனையைத் திரித்துக் குழிக்குள் விட்டு ஒற்றி எடுக்கிறேன். தொட்டிக்கு அடியில் ஒரு பக்கம் சின்னக் கல் வைத்து லேசாகச் சாய்த்திருக்கிறேன், தண்ணீர் தானாக வழிந்துவிடும்.

இந்த வருடம் ஆகஸ்டிலேயே இரண்டு தொட்டியையும் ஃபிரிட்ஜ் மேலிருந்து இறக்கி வராண்டாவின் பழைய மூலைக்குக் கொண்டுபோனேன். வேர் பிடிக்கச் சூடு வேண்டும், மொட்டு வைக்கக் குளிர் வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் வராண்டாவில் இரவு 10-இலிருந்து 12 டிகிரி வரை இருந்தது, இன்சைனுக்கு அதுதான் கணக்கு. போன குளிர்காலத்திலும் மொட்டு வந்ததற்குக் காரணம், மழையில் ஃபிரிட்ஜ் மேலே இடமில்லாமல் ஒரு தொட்டியைத் தற்செயலாக வராண்டாவில் வைத்திருந்ததுதான் என்று நோட்டைப் புரட்டும்போது தெரிந்தது. அக்டோபர் 21 அன்று உறை, நவம்பர் 9 அன்று மொட்டு வெளியே. உறைபனி நாட்களில் மட்டும் ராத்திரி கண்ணாடி ஓரத்திலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி வைத்தேன்.

மொத்தச் செலவு 2,610 ரூபாய், அதில் 220 ரூபாய் செடியைக் கொன்ற கோகோபீட்டுக்கு. தொட்டி சும்மா கிடைத்தது, கிளிஞ்சலுக்கும் உரத்துக்கும் கணக்கு வைக்கவில்லை. திரும்பச் செய்வதென்றால் டிடிஎஸ் மீட்டரை முதலிலேயே வாங்கியிருப்பேன், தொட்டி விரிசல் விட்டதும் கம்பி கட்டி ஓட்டிவிட்டு, பூ முடிந்த மார்ச்சில் மாற்றியிருப்பேன். ஆகஸ்டில் எந்தச் செருப்பு ஆர்க்கிட்டையும் தொடவே மாட்டேன். பழைய கலவையை உதறாமல் வேர் உருண்டையோடு அப்படியே பெரிய தொட்டியில் இறக்கியிருப்பேன். எல்லாவற்றுக்கும் முன்னால், 11 கன்று இருந்தபோதே மூன்றைப் பிரித்து வேறு யார் வீட்டிலாவது வளரக் கொடுத்திருக்க வேண்டும்.

இப்போது ஒரு தொட்டியில் மூன்று கன்று, இன்னொன்றில் இரண்டு. ஞாயிற்றுக்கிழமை அத்தை நாற்காலியைப் போட்டு மூலையில் உட்கார்ந்து பூவை ரொம்ப நேரம் பார்த்தார், பிறகு இலையை விலக்கி அடியில் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு மொளைக்குது பாரு" என்றார். நான் அதுவரை கவனிக்கவில்லை. மூன்று கன்று இருக்கும் தொட்டியில், கல் வைத்துச் சாய்த்த பக்கம், அரிசி அளவுக்கு ஒரு பச்சை முனை. கீழ்வீட்டுக்காரரும் ஆசிரியரும் ஆளுக்கொரு கன்று கேட்டிருக்கிறார்கள். ஒரு தொட்டியில் ஆறு கன்று சேர்ந்த பிறகு மூன்று மூன்றாகத்தான் பிரிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன், அது 2027 மார்ச்சுக்கு முன்னால் நடக்காது.